மூளைக்கு மாத்திரை கேட்டு வந்த கடிதங்கள்

பாம்பனில் மருந்துக் கடை வைத்து 26 ஆண்டு ஆகிறது. முன்பெல்லாம் கல்லாவுக்கு எதிரே நின்று தலைவலி, வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண் என்று கேட்பார்கள். இப்போது போனை நீட்டி, "அண்ணே, இது இருக்கா?" என்கிறார்கள். படத்தில் ஒரு கறுப்பு டப்பா, அதன்மேல் மின்னல் வெட்டுகிற மூளை. 'கவனத்துக்கும் சுறுசுறுப்புக்கும் சாப்பிடுகிற மாத்திரைகள் பற்றிக் கேளுங்கள்' என்று போன இதழில் ஒரு வரி போட்டதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை யாருமே சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது.

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, இரவு 8 மணிக்கு மேல்தான் புத்தகம். ஆன்லைனில் 'நூட்ரோபிக்' என்று ஒரு டப்பா 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் மூன்று நாள் பிரமாதமாக இருந்தது. அப்புறம் விடியற்காலை 3 மணி வரை தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தொடரலாமா? லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன்.
(மண்டபம் வாசகர்)

பதில்: நிறுத்துங்கள் தம்பி, மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு மாத்திரைக்குக் கஃபைன் 200 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் குரானா விதைச் சாறு. குரானா என்பது அமேசான் காட்டுக் கொடி, அதன் விதையில் இருப்பதும் கஃபைன்தான், எவ்வளவு என்று போடவில்லை. அதற்கும் கீழே 'சிறப்புக் கலவை 850 மில்லிகிராம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒன்பது பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள், எதில் எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. ஏலக்கடையில் மேலே நாலு வாவல் மீனைப் பரப்பிவைத்துக் கூடையோடு ஏலம் விடுவார்களே, அது மாதிரி. அடியில் என்ன இருக்கிறது என்பது கூடையைக் கவிழ்த்த பிறகுதான் தெரியும்.

முதல் மூன்று நாள் பிரமாதம் என்றீர்கள் அல்லவா, அது முழுக்கக் கஃபைன் செய்த வேலை. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது தன் இடத்தில் போய் உட்கார உட்கார நமக்குத் தூக்கம் வரும். கஃபைன் என்ன செய்கிறது என்றால், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, அடினோசின் உட்கார வேண்டிய சீட்டில் முன்கூட்டியே துண்டைப் போட்டுவிடுகிறது. அடினோசின் எங்கும் போகவில்லை, நின்றுகொண்டேதான் வருகிறது. துண்டை எடுத்ததும் மொத்தக் கூட்டமும் ஒரேயடியாக உட்காரும். ஆக உங்கள் உடம்புக்குப் புதிதாகத் தெம்பு எதுவும் வரவில்லை, களைப்பு உங்களுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

கணக்கையும் பாருங்கள். குடித்த கஃபைனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். இரவு 8 மணிக்கு 200 மில்லிகிராம் போட்டால் ராத்திரி 1 மணிக்கும் 100 மில்லிகிராம் உள்ளே இருக்கிறது. நல்ல பில்டர் காப்பி ஒன்றைக் குடித்துவிட்டுப் படுக்கப் போவதும் இதுவும் ஒன்றுதான். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. நீங்கள் அலுவலகத்தில் குடிக்கும் டீக்களையும் அந்தக் குரானாவையும் சேர்த்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

'நூட்ரோபிக்' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. கொர்னேலியு ஜுர்ஜியா என்ற ருமேனிய விஞ்ஞானி பெல்ஜியத்தில் வேலை பார்த்தபோது 1964இல் பைராசெட்டம் என்ற மருந்தை உருவாக்கினார், அந்த மாதிரி மருந்துகளுக்காக 1972இல் இந்தப் பெயரையும் அவரே வைத்தார். அவர் போட்ட நிபந்தனைகள் கறாரானவை: கற்கவும் நினைவில் வைக்கவும் உதவ வேண்டும், ஆளைத் தூங்க வைக்கவும் கூடாது, முடுக்கிவிடவும் கூடாது, பக்கவிளைவு அனேகமாக இருக்கவே கூடாது. உங்கள் நெஞ்சைப் படபடக்க வைத்த டப்பா அவருடைய வாசலையே தாண்டியிருக்காது.

அந்த ஒன்பது பெயரில் தியானின் என்பதற்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தேயிலையில் இயற்கையாகவே இருப்பது. 100 மில்லிகிராம் தியானினும் 40, 50 மில்லிகிராம் கஃபைனும் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வுகளில் ஓரிரு மணி நேரத்துக்குக் கவனம் கொஞ்சம் மேம்பட்டது. ஒரு கிளாஸ் டீயில் இந்த இரண்டும் உண்டு, தியானின் அளவுதான் குறைவு. கடைசி டீயைச் சாயங்காலம் 4 மணியோடு முடியுங்கள், இரவு இரண்டரை மணி நேரம் படித்துவிட்டுப் படுங்கள். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். மாத்திரையை நிறுத்தினால் சில நாள் தலைவலி இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் படபடப்பு இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் டப்பாவில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் எங்கேயும் கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் இந்த ரகச் சத்து மாத்திரைகளில் 10ஐ எடுத்துச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் அனுமதியே இல்லாத 5 மருந்துகள் அவற்றில் இருந்தன.

நான் யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பல வருஷம் முன்னால் ஒரு மார்ச் மாதக் கடைசி, இருப்புக் கணக்கு முடிக்க வேண்டும். விழித்திருக்க இரண்டு கஃபைன் மாத்திரையைப் போட்டு, மேலே இரண்டு காப்பியும் குடித்தேன். ராத்திரி 2 மணிக்குக் கை நடுக்கத்தோடு கடைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன், எழுந்து நிற்கத் தெம்பில்லை. காலையில் என் மனைவி நோட்டைப் பார்த்தாள். 32 இருக்க வேண்டிய இடத்தில் 23, 61க்குப் பதில் 16. விழித்துத்தான் இருந்தேன், மூளைதான் வேறெங்கோ இருந்திருக்கிறது.

கேள்வி: விசைப்படகு டிரைவர் நான். காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. இரவில் கண்ணைச் சொருகுகிறது. எனர்ஜி டிரிங்க் நாலு டின் எடுத்துப் போகிறேன். ஏதாவது ஆபத்தா?
(இராமேஸ்வரம் வாசகர்)

பதில்: நம் நாட்டு விதிப்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபைன் இருக்கக் கூடாது, அப்படியானால் 250 மில்லி டின்னில் அதிகபட்சம் 75. நாலு டின் என்றால் 300. கஃபைன் அளவு வரம்புக்குள் வந்துவிடும், ஆனால் கூடவே உள்ளே போகிற சர்க்கரையைச் சொல்லி மாளாது. கடலில் வேர்த்துக் கொட்டுகிற ஆளுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்.

ஒரு உபாயம் சொல்கிறேன், இது உண்மையிலேயே வேலை செய்யும். வலை இழுத்து முடிந்து கை ஓய்ந்த நேரத்தில் நம்பிக்கையான ஒருத்தரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, ஒரு கருப்புக் காப்பியைக் குடித்த கையோடு 20 நிமிடம் படுங்கள். கஃபைன் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் குட்டித் தூக்கமும் போட்டிருப்பீர்கள், எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். 20 நிமிடத்தைத் தாண்டவிட்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், எழுப்பச் சொல்லி வைத்துவிட்டுப் படுங்கள். குமட்டலுக்குப் போடுகிற மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைப்பவை, சுக்கான் பிடிக்கிற அன்றைக்கு வேண்டாம். டின்னோடு மது கலப்பது மட்டும் கூடவே கூடாது. போதை ஏறியதே தெரியாமல், தெளிவாக இருப்பதாக நினைத்துப் படகை ஓட்டுவீர்கள்.

கேள்வி: காக்கா, என் தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். இரவு ஷிப்ட். கூட இருப்பவர்கள் 'மோடாஃபினில்' போட்டுக்கொள்கிறார்களாம். ஊரிலிருந்து இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்தனுப்பச் சொல்கிறான். பக்கத்து வீட்டு ஆள் அடுத்த வாரம் கிளம்புகிறார். கொடுத்து விடலாமா?
(கீழக்கரை வாசகி)

பதில்: வேண்டாம் லாத்தா. அடுத்தவர் பெட்டியில் மருந்து கொடுத்துவிடவே விடாதீர்கள், அது எந்த மருந்தானாலும் சரி. அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை நோயாளி தானே கொண்டுபோவதானாலும் மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் வேண்டும். பிடிபட்டால் மாட்டுவது பக்கத்து வீட்டு ஆள்.

மோடாஃபினில் சத்து மாத்திரை இல்லை. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருகிற நோய்க்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, இங்கேயும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தலைவலி, பதற்றம் போன்றவை சாதாரணமாக வரும். அபூர்வமாகத் தோல் வெந்தது மாதிரி உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையும் வந்திருக்கிறது. பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைத்துவிடும், இதை நிறையப் பேர் அறிந்திருப்பதில்லை.

சரி, நோயில்லாத ஆள் போட்டால் புத்தி கூர்மையாகுமா? மெல்போர்னில் 40 இளைஞர்களிடம் செய்த ஒரு சோதனை 2023இல் வெளியானது. கொடுத்த கணக்கு கீழக்கரைக்காரர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு: இவ்வளவு கிலோதான் அனுமதி, இத்தனை பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு, எதை எடுத்து எதை விட்டால் பெட்டியின் மதிப்பு அதிகமாகும்? மோடாஃபினில் போட்டவர்களும் அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்து போட்டவர்களும் அதிக நேரம் உழைத்தார்கள், சாமான்களை எடுத்து எடுத்து மாற்றி மாற்றி வைத்தார்கள், கடைசியில் பெட்டியின் மதிப்பு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்ட அன்றைக்கு இருந்ததைவிடக் குறைவு. உம்மா ஒருத்தி ஊறுகாய் பாட்டிலை எங்கே செருகுவது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.

தம்பி குறட்டை விடுவாரா என்று கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறாக இருக்கலாம், அதற்கு அங்கேயே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. 'பிராமி' சிரப் கொடுத்தால் ஞாபகசக்தி வரும் என்கிறார்கள். வல்லாரைதானே அது?
(தேவிபட்டினம் வாசகி)

பதில்: இங்கேதான் பெயர்க் குழப்பம். பிராமி என்ற பெயரில் வடக்கே இரண்டு செடிகளையும் அழைக்கிறார்கள். நம் வல்லாரை சென்டெல்லா ஏசியாட்டிகா, விசிறி மாதிரி வட்ட இலை. நீர்ப்பிரமி என்பது பாக்கோபா மொன்னியேரி, ஈரமான இடத்தில் படரும், சின்னச் சின்னத் தடித்த இலை. பெரும்பாலான ஆய்வுகள் நடந்தது இரண்டாவதில்தான். பாட்டிலில் தாவரப் பெயரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நீர்ப்பிரமிச் சாறு 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நினைவில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. 12 வாரம், அதுவும் பெரியவர்களுக்கு. உங்களுக்கு இருப்பது மூன்று வாரம். இதில் அடிக்கடி வரும் தொல்லை வயிற்றுப் பிசைவும் பேதியும், தேர்வு அன்றைக்குப் பிள்ளைக்கு அது தேவையா? வல்லாரைத் துவையலாகக் கொடுங்கள், ருசியாக இருக்கும், கீரை சாப்பிட்டதாகவும் இருக்கும். சாக்கடை ஓரத்தில் பறித்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை 'ஸ்ட்ரெஸ்' குறைக்கும் என்று நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். சரியா?
(ஏர்வாடி வாசகர்)

பதில்: மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் கவனத்துக்காகக் காலையில் போடுகிறவர்களுக்கு மதியமே கொட்டாவி வரும். ஈரல் பாதித்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன, டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது. தைராய்டு ஹார்மோனையும் ஏற்றிவிடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பாட்டி வைத்தியம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடர நினைத்தால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் காட்டி, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கடல் அட்டையைக் காயவைத்துப் பொடியாக்கிச் சாப்பிட்டால் மூளைக்கும் நரம்புக்கும் நல்லது என்று ஒருவர் விற்கிறார்.
(பெரியபட்டினம் வாசகர்)

பதில்: மூளைக் கூர்மைக்கு உதவும் என்று மனிதர்களிடம் நிரூபித்த ஆதாரம் கிடையாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, வைத்திருந்தாலே வழக்கு. விற்கிறவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: உப்பளத்தில் வேலை பார்க்கிறேன், வயது 38. எப்போதும் அசதி, எதை எங்கே வைத்தேன் என்று மறந்து போகிறது. 900 ரூபாய்க்கு எனர்ஜி பவுடர் ஒன்று சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணே?
(வாலிநோக்கம் வாசகி)

பதில்: வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் தங்கச்சி. 900 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், காசு கிடையாது. 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அசதி, மறதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாமே அதனால் வரலாம். கூடவே தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவராக இருந்தால் பி12 குறைந்திருக்கலாம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் பி12 இருப்பதாகச் சொல்லி விற்பார்கள், அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது சகஜம்.

அப்புறம் ஒன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். பாத்தியில் நிற்கிற பெண்கள் பலரும் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் குடித்த கஞ்சியோடு சரி, மதியம் கூட வாயை நனைத்துத் துப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது, உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே கவனம் தடுமாறும். 50 கிலோ ஆளுக்கு அது ஒரே ஒரு லிட்டர்தான், நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் தனிக் கதை. ஒதுங்குவதற்கு ஒரு தட்டி மறைப்பு கட்டித் தரச் சொல்லி நாலு பேர் சேர்ந்து மேஸ்திரியிடம் கேளுங்கள். உங்கள் மறதிக்கு நான் எழுதித்தரக்கூடிய முதல் மருந்து அந்தத் தட்டிதான்.

கேள்வி: பி காம்ப்ளெக்ஸ் தினமும் போடலாமா, தண்ணீரில் கரைகிற சத்துதானே, மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்கிறார்களே?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: பி6 அப்படி அல்ல. அதிக அளவில் மாதக் கணக்கில் சாப்பிட்டால் நரம்பையே பாதித்துக் கை கால் மரத்துப்போகும். ஐரோப்பாவில் ஒரு நாள் உச்ச வரம்பை 2023இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், அமெரிக்காவில் 100. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று டப்பா சாப்பிடுகிறவர்கள் எல்லாவற்றிலும் உள்ள பி6ஐக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன். வயது 71. ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பெயர்கள் மறக்கின்றன. மகன் வெளிநாட்டிலிருந்து 'ஜின்கோ' அனுப்பியிருக்கிறான்.
(தொண்டி வாசகர்)

பதில்: ஐயா, ஸ்டென்ட் என்றால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவீர்கள். ஜின்கோ என்பது ஒரு மரத்தின் இலைச் சாறு, அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டப்பாவைத் திறக்க வேண்டாம். மகன் வருத்தப்படுவார் என்றால் இதையும் சொல்லுங்கள்: அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களே பெரும்பாலும் இருந்த 3,069 பேரிடம் 120 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை ஜின்கோ அல்லது வெறும் மாத்திரை கொடுத்து ஏறக்குறைய 6 ஆண்டு பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவு, மறதி நோயை அது தடுக்கவில்லை.

பெயர் மறந்து, கொஞ்ச நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது வயசு. வழக்கமாகப் போகிற பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ வழி தவறினால், சில்லறைக் கணக்கு புரியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரைகளே சில சமயம் மறதியைத் தரும்.

கேள்வி: கடற்கரையிலேயே இருந்துகொண்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா? வீட்டில் சண்டை நடக்கிறது, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
(திருப்பாலைக்குடி வாசகர்)

பதில்: எந்தப் பக்கம் நீங்கள் என்று எழுதவில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். 1000 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருக்கும், திருப்பிப் பார்த்தால் மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 அதில் 300 மில்லிகிராம்தான், பெரும்பாலான சாதா மாத்திரைகளில் இதுதான் அளவு. மீதி வெறும் எண்ணெய். வாரம் இரண்டு மூன்று நாள் பேச்சாளையோ சூடையோ குழம்பு வைக்கிற வீட்டுக்கு இந்த மாத்திரை கவனத்தைக் கூட்டும் என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. மீன் தொடாதவர்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள், நாட்டுப்படகு மீன் வருமே. கருவாடு என்றால் ரத்த அழுத்தம் உள்ளவர் தட்டில் மட்டும் கொஞ்சமாக வையுங்கள்.